பத்தாம் நம்பர் ஊசி

வளைகாப்பு முடிந்து என் மனைவி கீழே பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டில் இருக்கும் தாய் வீட்டுக்குப் போன மறுநாளே, பின்னல் ஊசி வாங்குவது என்று நான் முடிவு செய்துவிட்டேன். அதுவரை என் கை தொட்டிருந்த ஒரே ஊசி சட்டைப் பொத்தான் தைக்கிற ஊசி. அதற்கும் நூல் கோத்துத் தர அவளைத்தான் கூப்பிடுவேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் என் மாமியார். மகளை ஜீப்பில் ஏற்றி உட்கார வைத்துவிட்டு, போகிற போக்கில் சொல்வதைப் போல ஒன்று சொன்னார்.

"கொழந்தைக்கு ஒரு வயசு ஆகட்டுமுங்க மாப்ள. அப்பறம் மேல கூட்டியாந்துக்கலாம். இந்தக் குளுரைப் பச்ச ஒடம்பு தாங்காதுங்க."

அவரையும் குறை சொல்ல முடியாது. மூணாறு மலைமேல் சின்னக்கானலில் எங்களோடு இருந்த மூன்று நாளும் இரண்டு கம்பளிக்கு வெளியே அவர் தலையே தெரியவில்லை. காப்பித் தம்ளரைக்கூடக் கம்பளிக்குள் இழுத்துக்கொண்டுதான் குடித்தார். ஆனாலும் ஒரு வருடமா? மூன்றாம் மாதம் தாயையும் பிள்ளையையும் அழைத்து வந்துவிடுவது என்று நானும் மனைவியும் பேசி வைத்திருந்தோம். என் பிள்ளை குப்புற விழுவதையும் தவழ்வதையும் நான் போனில்தான் பார்க்க வேண்டுமா? நினைத்தாலே வயிற்றெரிச்சலாக இருந்தது. குளிர்தானே பிரச்சினை? என் கையாலேயே ஒரு கம்பளித் தொப்பி பின்னி மாமியார் முன்னால் வைக்கிறேன், பார்த்துவிட்டுப் பேசட்டும்.

கடையில் வாங்கினால் போகிறது என்பீர்கள். அதற்கும் வழியில்லை. பிள்ளை பிறக்கும் முன்னால் அதற்கென்று ஒரு துணி வாங்கி வைக்கக் கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம். பழைய வேட்டியைக் கிழித்துத் துவைத்து வைத்தால் போதும், மற்றதெல்லாம் பிறந்த பிறகுதான். ஆனால் ஊசி துணி ஆகாது. நூலும் துணி ஆகாது. இந்தச் சந்து கண்ணில் பட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

போனில் ஒரு வீடியோ கிடைத்தது. அதில் இரண்டு கைகள் மட்டும் தெரியும், பேச்செல்லாம் இந்தி. ஒரு வார்த்தை புரியவில்லை, ஆனால் கைகளுக்கு மொழி வேண்டாமே. குழந்தைத் துணி என்றால் மெல்லிய ஊசி, ஆரம்பத்தில் ஊசியில் மாட்ட வேண்டிய நூல் வளையம், அதாவது கண்ணி, தொண்ணூறு. அவ்வளவும் விளங்கியது. அடுத்து ஆன்லைனில் ஊசி தேடினால் இரண்டில் தொடங்கிப் பதினைந்து வரை நம்பர் போட்டு வரிசையாக நிற்கின்றன. எந்த நம்பர் மெல்லியது?

இதைப் போய் என்னிடம் கேட்க வேண்டுமா! நான் எஸ்டேட் ஃபேக்டரியில் தேயிலை சலிக்கிற பகுதியில் பதினோரு வருடமாக வேலை பார்ப்பவன். சல்லடையில் நம்பர் ஏற ஏற ஓட்டை சிறுக்கும். எட்டாம் நம்பரில் பெரிய இலை இறங்கும், இருபத்துநாலில் வெறும் தூள்தான் இறங்கும். எங்கள் உலகத்தில் பெரிய நம்பர் என்றால் பொடிசு. ரொம்பவும் பொடிசாக வேண்டாம், நான் புதுசுதானே என்று அடக்கமாக யோசித்து, பத்தாம் நம்பரைத் தட்டிவிட்டேன்.

பார்சல் ஃபேக்டரிக்கே வந்தது. பிரித்தேன். உள்ளே முருங்கைக்காய் தடிமனில் இரண்டு மரக்குச்சிகள்.

சலிக்கும் பகுதியில் என்னோடு நிற்கும் கூட்டாளி எட்டிப் பார்த்தான். "எலே, கோயில் கொடைக்கு மேளம் அடிக்கப் போறியால?"

தோல்வியை ஒப்புக்கொள்கிற ஜாதி இல்லை நான். அந்தக் குச்சிகளை வைத்தே ஒரு வாரம் பின்னினேன். மெல்லிய நூல், தடித்த குச்சி. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள், எனக்குக் குரங்குகூடக் கிடைக்கவில்லை, வலைதான் கிடைத்தது. கூட்டாளி அதை இரண்டு கையாலும் விரித்துப் பிடிக்கச் சொல்லி, மேலே ஒரு பிடி தேயிலையைப் போட்டான். ஒரு இலை நிற்கவில்லை. "தேயிலைக் குச்சி கிடந்தாக்கூட எறங்கிரும்ல இதுல" என்றான். ஃபேக்டரியே சிரித்தது. எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் நான்தான்.

அன்று மாலை வீடியோ காலில் அந்த வலையைத் தலையில் மாட்டிக்கொண்டு மனைவிக்குக் காட்டினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஏனுங்க, போதுமுங்க! நான் சிரிச்சா உள்ள உதைக்குதுங்க!"

"உதைக்கலம்மா, அதுவும் சிரிக்கு" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மூணாறு பஜாருக்குப் போனேன். சுற்றுலா வருகிறவர்களுக்குக் குல்லாய் விற்கிற ஒரு கடையில் நூலும் ஊசியும் இருந்தன. கடைக்காரர் பாலக்காட்டுக்காரர். என் குச்சிக் கதையைக் கேட்டுவிட்டுக் கல்லாவில் கை ஊன்றிச் சிரித்தார்.

"தம்பி, இது தடிமனுக்கு உள்ள நம்பராக்கும். மில்லிமீட்டர். நம்பர் கூடுனா ஊசியும் தடிக்கும், கேட்டீங்களா?" என்றவர், ஏதோ நினைவு வந்து ஒரு பழைய தகர டப்பாவைத் திறந்தார். உள்ளே சில எஃகு ஊசிகள். "ஆனா பழைய கணக்கு நீங்க சொன்ன மாதிரிதான். இதுல பத்துன்னா மெலிசு, எட்டுன்னா அதவிடத் தடி."

நான் கடைக்குள்ளேயே ஒரு குதி குதித்தேன். உலகம் ஒரு காலத்தில் என் சல்லடையைப் போலத்தான் இருந்திருக்கிறது! உடனே கூட்டாளிக்குப் போன் போட்டு, நான் சொன்னது தப்பே இல்லை, கொஞ்சம் பழைய சரி, அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டுத்தான் மறுவேலை பார்த்தேன்.

பிறகு ஊசி பொறுக்கினோம். எஃகு ஊசி பளபளவென்று அழகாக இருந்தது. ஆனால் என் கைக்கு நான்கு கண்ணி போட்டால் மூன்று வழுக்கி விழுந்தது. மூங்கில் ஊசியோ கண்ணியைப் பிடித்து வைத்துக்கொண்டது, புதியவனை மன்னிக்கிற குணம் அதற்கு இருந்தது. நீளமானதை எடுத்துப் பார்த்தேன், பக்கத்தில் நின்ற டூரிஸ்டின் விலாவில் குத்தியது. சிறு துணிக்குக் குட்டை ஊசியே போதும் என்று கடைக்காரர் மாற்றித் தந்தார். கடைசியில் மூன்றா நான்கா என்பதுதான் மிச்சம்.

"மூணுதான் பிள்ளைத் துணிக்கு அழகு. ஆனா உங்க வேகத்துக்குப் பிள்ளை பள்ளிக்கூடம் போறப்பதான் தீரும். நாலு எடுங்க."

நான்கை எடுத்தேன். பெண்ணோ பையனோ எதற்கும் பொருந்தட்டும் என்று மஞ்சள் நூல். கழுத்தில் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன், குத்தவில்லை.

அதன்பின் தேநீர் இடைவேளையெல்லாம் பின்னல்தான். அவிழ்ப்பேன், மறுபடி பின்னுவேன். ஊர் என்ன சொன்னால் என்ன, என் கண்ணுக்கு அது பொன் தொப்பி. தொண்ணூறு கண்ணியில் தொடங்கி, உச்சிக்கு வரவரக் குறைத்து, எட்டாம் மாதக் கடைசியில் பன்னிரண்டு கண்ணியில் வந்து நின்றேன். இனி நூலை உள்ளே கோத்து இழுத்து, பின்பக்கத்தைத் தைத்தால் தொப்பி தயார்.

அங்கேதான் கை நின்றுவிட்டது. தயாரானால் அது துணி ஆகிவிடுமே! சாத்திரத்துக்கெல்லாம் பயப்படுகிறவன் இல்லை நான். ஆனால் வயிற்றில் இருப்பது என் பிள்ளை. சட்டென்று எனக்குப் பயமாக இருந்தது. மனைவிக்குப் போன் செய்தேன். அவளே வழி சொன்னாள்.

"ஊசியிலயே உட்டுருங்க. ஊசிய உட்டு எறங்காத வரைக்கும் அது துணி இல்லீங்க."

எந்த வக்கீலுக்கு இந்த மூளை வரும்! கண்ணி நழுவாமல் ஊசி முனையில் ஒரு அழிரப்பரைக் குத்தி, சாமி படத்துக்குப் பக்கத்தில் தொப்பியை வைத்தேன். தினமும் வேலைக்குக் கிளம்பும்போது பன்னிரண்டும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் கதவைப் பூட்டுவேன்.

ஒரு காலையில், சல்லடைகள் ஆடிக்கொண்டிருந்த இரைச்சலுக்கு நடுவே பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. மாமியார். ஒன்றும் கேட்கவில்லை. வெளியே ஓடி வந்தேன்.

"பொண்ணு பொறந்திருக்குதுங்க மாப்ள. ரெண்டு பேரும் சொகமுங்க."

அழுதேனா சிரித்தேனா என்று கூட்டாளியைத்தான் கேட்க வேண்டும். வீட்டுக்கு ஓடித் தொப்பியை எடுத்துக்கொண்டு, ஜீப் பிடித்து, மூணாறில் பஸ் ஏறினேன். மறையூர் தாண்டி மலை இறங்குகிற வளைவுகளில் பன்னிரண்டு கண்ணிக்குள்ளும் நூலைக் கோத்து இழுத்தேன். பக்கத்துச் சீட்டுக்காரர் நூலுண்டையைப் பிடித்துக்கொண்டார். உடுமலைக்கு முன்னால் தையல் முடிந்தது. "பொண்ணுங்க" என்று அவரிடம் நான்கு முறையாவது சொல்லியிருப்பேன்.

ஆஸ்பத்திரி அறை வாசலில் மாமியார் குழந்தையோடு நின்றார். இவ்வளவு சிறியதாக ஒரு முகம் இருக்க முடியும் என்று எனக்குத் தெரியாது. தொப்பியை நீட்டினேன்.

குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு அவர் தொப்பியை வாங்கினார். விரலால் அழுத்திப் பார்த்தார், விரல் நுழையவில்லை. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், ஓட்டை தெரியவில்லை. பிறகு மெதுவாக என் மகளின் தலையில் மாட்டினார்.

தொப்பி நெற்றியைத் தாண்டியது, கண்ணைத் தாண்டியது, மூக்கில் போய் நின்றது.

கட்டிலில் இருந்து மனைவி, வலியோடு, அடக்க முடியாமல் சிரித்தாள். எனக்கு முகம் தொங்கிவிட்டது. தொண்ணூறு கண்ணி என்பது மெல்லிய ஊசிக்கான கணக்கு. நான் நான்காம் நம்பர் எடுத்தேன், எண்ணிக்கையைக் குறைக்கவில்லை. இத்தனை நாள் வேலையும் இந்தக் குட்டி மூக்கில் வந்து வழுக்கிவிட்டதே!

மாமியார் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றினார். மூடிய தன் கையில் அதை மாட்டி, இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"இப்ப வேண்டாமுங்க மாப்ள. மூணாம் மாசத்துக்குக் கணக்கா இருக்குமுங்க."

சொல்லிவிட்டு, சின்னக்கானலில் இருந்து மகள் கொண்டு வந்த பையைத் திறந்து, தொப்பியை மடித்து அதற்குள் வைத்தார். நான் மனைவியைப் பார்த்தேன். சிரிப்பு நின்று, அவளும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பையின் ஜிப்பை இழுத்து மூடிவிட்டு மாமியார் என் பக்கம் திரும்பினார்.

"தலைக்கு ஆச்சுங்க. காலுக்கு?"