ஹேவாஹெட்ட பஸ்ஸுக்கு ஒரு சீட்டு

ஞானமணி டீச்சர் இறந்த செய்தியை எனக்குக் கொண்டுவந்தவர் ஹேவாஹெட்ட பஸ்ஸின் கண்டக்டர் காசிம் நானா. பள்ளிக்கூட விடுமுறைக் காலம். வாசலில் நின்றபடியே தொப்பியைக் கழற்றினார். "டீச்சர் நேத்து அந்திக்கு மௌத்தாகிட்டாங்கம்மா. ரெண்டு நாள் காய்ச்சல்தான். நாளைக்குப் பகல் அடக்கம். காலம்பற பஸ்ல உங்களுக்கு எடம் புடிச்சு வைக்கிறேன்" என்றார். நான் தலையை ஆட்டினேன்.

சக ஆசிரியைகளாக டீச்சரை அறிந்த உங்களுக்கு அவருடைய பெருமையைச் சொல்ல வேண்டியதில்லை. கண்டியில் நம்மோடு ஒரே பள்ளியில் பல வருடம் படிப்பித்துவிட்டு, தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்த ஹேவாஹெட்டவுக்குப் போனவர். யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவக் குடும்பம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. என்னைவிட இரண்டொரு வயது மூத்தவராக இருக்கலாம். நாங்கள் வயதைப் பேசிக்கொண்டதே இல்லை. பேசியதெல்லாம் பயணத்தைப் பற்றித்தான். அவர் போய்வந்த பயணம், நான் போகாத பயணம்.

விடுமுறை விட்டதும் ஒரு சின்னத் தோல்பெட்டியோடு ரயிலேறிவிடுவார். பண்டாரவளை, தலைமன்னார், திருகோணமலை என்று ஊர் மாறும், ஆள் மாறாது. "துணைக்கு யாரு டீச்சர்?" என்று ஆசிரியர் அறையில் யாராவது கேட்காமல் இருக்கமாட்டார்கள். கேட்டவர்களில் நான் முதல் ஆள். "நான்தான் துணை. எனக்கு நான் போதாதோ?" என்பார். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூடமுடியுமா என்று நான் பெரிய புத்திசாலிபோலச் சொன்னதற்கு அவர் சிரித்தார். "ஊர் கதைக்கட்டும். நான் அந்த நேரம் ரயிலில எல்லோ இருப்பன், எனக்குக் கேளாது" என்றார்.

ஒருமுறை அசந்து தூங்கி, இறங்கவேண்டிய ஸ்டேஷனைத் தாண்டிப் போய்விட்டாராம். மாலைவரை திரும்பி வர ரயில் இல்லை. ஸ்டேஷன் மாஸ்டரின் சிங்கள மனைவி வீட்டுக்கு அழைத்துப் பலாக்காய்க் கறியோடு சோறு போட்டிருக்கிறாள். இருவருக்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை. ஆனாலும் நாள் முழுக்கப் பேசியிருக்கிறார்கள். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவேண்டும். "துணையோட போனா துணையோடதான் கதைப்பம். தனியப் போனாத்தான் மற்ற ஆக்கள் எங்களோட கதைப்பினம். நானே பிழைவிட்டு நானே திரும்பி வந்தனான். இனி எனக்கு என்னில பயமில்லை" என்றார். அடுத்த விடுமுறைக்கு "நீரும் ஒருக்காப் போய்ப் பாருமன்" என்று என்னிடம் சொன்னார். என் மாமியாருக்கு உடம்பு சரியில்லை. அதற்கடுத்த விடுமுறைக்கு நாத்தனார் வந்திருந்தாள். சாக்குக்கு எங்கள் வீட்டில் பஞ்சமே இருந்ததில்லை.

நான் தனியாக எங்கேயும் போனவள் அல்ல. பள்ளிக்கு மற்ற ஆசிரியைகளோடு, கோயிலுக்கு மைத்துனரோடு, தூரமென்றால் கணவரோடு. யாரும் என்னைப் பூட்டிவைக்கவில்லை. என் கணவர் சாது. புடவைக் கடை முதலாளிகளில் அவரைப்போலப் பொறுமைசாலி கண்டியில் கிடையாது. பயம் முழுக்க என்னுடையது. அதற்கு மரியாதை என்று பெயர் வைத்திருந்தேன்.

நாவலப்பிட்டியில் என் அம்மா படுக்கையில் விழுந்தபோது கணவர் சரக்கெடுக்கக் கொழும்புக்குப் போயிருந்தார். விஷயம் தெரிந்ததும் ஞானமணி டீச்சர் வீட்டுக்கே வந்துவிட்டார். "வெளிக்கிடும். நான் வாறன்." கண்டி ஸ்டேஷனில் சீட்டுக் கொடுக்கும் ஜன்னலுக்கு முன்னால் என்னைத் தள்ளி, "நீர் கேளும்" என்றார். உள்ளே இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். எனக்கு வாய் வரவில்லை. நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் கணீரென்று பாடம் நடத்துகிறவள் நான். டீச்சரே கையை நீட்டிச் சீட்டு வாங்கினார். அதைப்பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

ரயிலில் என்னை ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டு அவர் அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார். "தேவையெண்டாக் கூப்பிடும்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. கம்பளை தாண்டுவதற்குள் கோபம் அடங்கி, அம்மாவை நினைத்து அழுதேன். யாரும் தேற்றவில்லை, யாரும் கேட்கவில்லை. அழுது முடிந்ததும் என்ன செய்யவேண்டும், எந்த வைத்தியரைக் கூப்பிடவேண்டும் என்று ஒவ்வொன்றாக யோசித்தேன். நாவலப்பிட்டியில் இறங்கியபோது நான் தெளிவாக இருந்தேன். அம்மா பிழைத்தார். அந்தப் பெஞ்சில் எனக்குக் கிடைத்தது என்னவென்று அப்போதே தெரிந்திருந்தும், அதன்பிறகும் நான் எங்கேயும் தனியாகப் போகவில்லை.

இப்போது அடக்க நாளுக்கு வருகிறேன். கணவர் அன்றும் கொழும்பில். மைத்துனரைக் கேட்டேன், கடையை மூடமுடியாது என்றார். வெள்ளைப் புடவை உடுத்தி, சந்தைப் பக்கம் பஸ் நிற்கும் இடம்வரை எப்படியோ போய்விட்டேன். காசிம் நானா டிரைவருக்குப் பின்னால் இருந்த இருக்கையில் தன் துவாயைப் போட்டு எனக்காக வைத்திருந்தார். "வாங்கம்மா. ஐயா எங்க?" என்று கேட்டார். கெட்ட எண்ணத்தோடு கேட்ட கேள்வி அல்ல. பஸ் நிறைய ஆண்கள். எல்லோரும் திரும்பிப் பார்த்ததாக எனக்குத் தோன்றியது. "எனக்கு உடம்புக்கு முடியல நானா. சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்" என்றேன். அவர் துவாயை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். பஸ் போய்விட்டது. எனக்காக ரயிலேறி வந்தவரை மண்ணில் வைக்கும்போது நான் என் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்தேன்.

பள்ளி திறந்ததும் நடந்த இரங்கல் கூட்டத்தில், எனக்குக் காய்ச்சல் என்பதால் போகமுடியவில்லை என்று நான் சொன்னது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். "பாவம்" என்று அனுதாபப்பட்டீர்கள். அவர் செத்த நோயையே நான் சாக்காகச் சொல்லியிருக்கிறேன் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

அந்த வாரச் சனிக்கிழமை கணவரிடம் சொல்லிவிட்டுப் புறப்பட்டேன். "நானும் வரட்டுமா?" என்றார். வேண்டாம் என்றேன். காசிம் நானா பழையபடி என் பின்னால் யாரையோ தேடினார். "எத்தனை சீட்டும்மா?" "ஒண்ணு. ஹேவாஹெட்ட" என்றேன். குரல் தேவைக்கு மேல் உரக்க வந்துவிட்டது; முன்னால் இருந்த பெரியவர் திடுக்கிட்டுத் திரும்பினார். தலாத்துஓயா தாண்டி மலையேறும்வரை என் கை சீட்டைக் கசக்கிக்கொண்டே இருந்தது. அதன்பிறகு வெளியே பார்க்கத் தொடங்கினேன்.

தோட்டத்தில் டீச்சருக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்த முனியம்மா என்னைக் கல்லறைக்குக் கூட்டிப்போனாள். ஈரம் காயாத மண்மேட்டில் யாரோ தேயிலைப் பூக்களை வைத்திருந்தார்கள். முனியம்மா பாதையை எட்டிப் பார்த்தாள்.

"ஐயா பின்னால வர்றாங்களாம்மா?"

"இல்லை. நான் மட்டுந்தான்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அப்போ நீங்க கண்டி டீச்சர் இல்லீங்களா? எங்க டீச்சரம்மா காய்ச்சல்லயும் சொல்லிக்கிட்டே கெடந்தாங்க. கண்டி டீச்சருக்குச் சொல்லி அனுப்பாதீங்க, பாவம், கூட்டிக்கிட்டு வர அவங்க வீட்டுக்காரருக்கு ஓய்வு இருக்காதுன்னு."

நான்தான் அந்தக் கண்டி டீச்சர் என்று அவளிடம் சொன்னேன். அதைச் சொல்லும்போது எனக்கு இருந்த வெட்கம் இதை எழுதும்போதும் இருக்கிறது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது ரயிலில் அவர் எழுந்துபோய் உட்கார்ந்த அந்த அடுத்த பெஞ்சு. பஸ்ஸில் திரும்பி வரும்போது என் பக்கத்து இடம் காலியாக இருந்தது. கண்டி வரும்வரை நான் யாரையும் கூப்பிடவில்லை.