சமையல்மேல் விழுந்த பழி

மூன்று வருடங்களுக்கு முன், குற்றாலத்தில் சாரல் நன்றாகப் பிடித்திருந்த ஒரு ஆடி மாத ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது. எனக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது. வீடு தென்காசியில், வேலை செங்கோட்டையில் ஒரு மரக்கடையில்.

அதற்கு எட்டு மாதம் முன்னால்தான் எனக்குச் சர்க்கரை இருப்பது தெரிந்தது. அன்றிலிருந்து என் மனைவி வீட்டுச் சமையலையே மாற்றிவிட்டாள். சோறு ஒரு கரண்டி, காய் மூன்று கரண்டி, ராத்திரிக்குக் கேப்பை தோசை. நானும் மறுபேச்சில்லாமல் சாப்பிடுவேன். ஆனால் சாயங்காலம் பைக்கில் திரும்பும் வழியில் ஒரு பரோட்டாக் கடை. சால்னா வாசனை வந்தால் என்னால் தாண்டிப் போக முடியாது. இன்றைக்கு மட்டும் என்று ஆரம்பித்தது, தினமும் நாலு என்று ஆகிவிட்டது.

மூன்று முறை ரத்தம் கொடுத்துப் பார்த்தும் சர்க்கரை இறங்கவே இல்லை. மூன்றாம் முறை டாக்டர் என்னை விட்டுவிட்டு அவளிடம், "என்னம்மா சமைக்கிறீங்க? கொஞ்சம் கவனமா இருக்கக் கூடாதா?" என்று கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். நான் வாயே திறக்கவில்லை. மறுநாளிலிருந்து குழம்பில் தேங்காயும் நின்றுபோனது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, மதுரையிலிருந்து வந்திருந்த அவளுடைய அக்கா குடும்பத்தோடு ஐந்தருவிக்குப் போனோம். குளித்துவிட்டு வந்தால் எப்படிப் பசிக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. சகலை காரை நேராகக் கொண்டுபோய் நிறுத்தியது அதே கடையில். வேறு கடைக்குப் போகலாமே என்று நான் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை.

உட்கார்ந்ததும் பரிமாறுகிறவர் சிரித்துக்கொண்டே வந்தார். "வாங்க அண்ணாச்சி! இன்னைக்குக் குடும்பத்தோட வந்திருக்கிய. உங்களுக்கு வழக்கம்போல நாலுதான?"

என் மனைவி என்னைத் திரும்பிப் பார்த்தாள். தனக்குச் சர்க்கரை போடாத டீ மட்டும் சொன்னாள். அக்கா விடவில்லை.

"ஏட்டி, பரோட்டான்னா உயிர விடுவியே. உனக்கு என்ன வந்துச்சு?"

"விட்டுட்டேன்க்கா. எட்டு மாசமாச்சு. நான் திங்கதப் பார்த்தா இவுகளுக்கும் ஆசை வரும்லா."

என் இலையில் நாலு பரோட்டா வந்து விழுந்தது. ஒரு வாய்கூட இறங்கவில்லை.

வீட்டுக்கு வந்து, விருந்தாளிகள் கிளம்பிப் போனதும் பின்வாசலுக்குப் போனேன். அவள் ஈரத்துணியைப் பிழிந்து கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். தினமும் சாப்பிட்டதைச் சொன்னேன். நான் எதிர்பார்த்த சண்டை வரவில்லை.

"அப்ப என் சமையல்ல ஒரு கோளாறும் இல்லையா?" என்றாள். "எதுல தப்பு பண்ணுதேன்னு தெரியாம, அரிசிய மறுபடி மறுபடி அளந்து பாப்பேங்க. உங்களுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா என் கையாலதான் ஆச்சுன்னு..."

முடிக்காமல் அழுதுவிட்டாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பெரிய பாரம் இறங்கின மாதிரி சிரிக்கவும் செய்தாள். அழுகையைவிட அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாளே டாக்டரிடம் போய் உண்மையைச் சொன்னேன். ஆனால் நாக்கு ஒரே நாளில் திருந்துமா? அந்த வாரமே ஒருநாள் கடை வாசலில் இறங்கிவிட்டேன். உள்ளே போகாமல் அவளுக்குப் போன் போட்டேன்.

"இங்கன கடை முன்னால நிக்கேன். என்ன செய்ய?"

"ஒண்ணே ஒண்ணு சாப்பிட்டு வாங்க. ராத்திரி தோசையில ஒண்ணக் குறைச்சுக்கிடுவோம்," என்றாள்.

பயமில்லாமல், மெதுவாக மென்று சாப்பிட்டபோது அந்த ஒன்றே போதுமாக இருந்தது. அடுத்த நாளிலிருந்து ஐந்து மணிக்குச் சாப்பிட ஒரு டப்பாவில் சுண்டல் கொடுத்துவிட்டாள். பசி அடங்கியதும் ஆசையில் பாதி அடங்கிவிட்டது. மீதிப் பாதியோடு மல்லுக்கட்டத்தான் ஆறு மாதம் ஆனது. சர்க்கரை அதற்குள் கட்டுக்குள் வந்திருந்தது.

இப்போது மாதம் ஒருமுறை இருவரும் சேர்ந்து பரோட்டா சாப்பிடப் போகிறோம். ஆளுக்கு ஒன்று. மொறுமொறுவென்று இருக்கும் ஓரத்தைப் பிய்த்து அவள் முதலில் வாயில் போட்டுக்கொள்ளும்போது, அவளைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். என் நாக்கில் ஆசை கிளம்பக் கூடாதென்று எனக்கே தெரியாமல் இவள் தன் ஆசையை அடக்கிக்கொண்டிருந்தாள் என்று நினைக்கும்போதுதான், போதும் என்று சொல்ல எனக்கு இன்றும் மனசு வருகிறது.