நாலரை மணி நேரத்தில் வந்துவிடுவேன்

சிங்கப்பூரில் தூரத்தை யாரும் கிலோமீட்டரில் சொல்வதில்லை. எத்தனை நிமிடம், எத்தனை ரயில் நிலையம் என்பதே பேச்சு. கோயம்புத்தூருக்கு நேர் விமானத்தில் நாலரை மணி நேரம் என்றதும் என் மேலாளர் திருமதி டான், "சோ நியர் லா" என்றார். நானும் ஊரில் அப்படித்தான் பெருமையடித்துக்கொள்வேன். எங்கள் கருமத்தம்பட்டியில் சென்னை பஸ் ஏறியவன் சேலத்தைத் தாண்டித் தூங்கும் நேரத்தில், நான் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்கியிருப்பேன்.

சில மாதங்களுக்கு முன், கல்லூரியில் படிக்கும் என் மகள் அவினாசி சாலையில் ஸ்கூட்டரோடு விழுந்தாள். தலையில் அடி. அன்று மனைவி என்னோடு வீடியோவில் பேசினாள். பின்னால் ஒரு பச்சைச் சுவர்.

"யாரூட்டுச் செவுரு அது?"

"தங்கச்சி ஊட்டுக்கு வந்தனுங்க."

"பாப்பா எங்க?"

"படிச்சுட்டு இருக்கறாளுங்க."

மதியம் சாப்பிட்ட மீன் சூப்பைப் பற்றி நான் கேலியாகச் சொன்னேன். அவளும் சிரித்தாள். அது தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசல் சுவர். இரண்டு நாள் கழித்து, மகள் கண் விழித்துப் பேசிய பிறகே எனக்குச் சொன்னார்கள்.

விடுப்புக் கேட்டேன்.

"நவ் ஓகே ஆல்ரெடி?" என்றார் திருமதி டான்.

"ஓகே."

"தென் ஒய் கோ?"

அக்கறையாகத்தான் கேட்டார். நான் மகளைக் கவனித்துக்கொள்ளப் போவதாக நினைத்திருப்பார். நான் சண்டை போடப் போனேன்.

"அவ்வளவு தூரத்துல தனியா இருந்து பயந்துக்குவீங்கன்னுதானுங்க சொல்லலை" என்றாள் மனைவி.

"உடுமலைப்பேட்டை மாமனுக்கு அன்னைக்கே சொன்னீங்கல்ல?"

"அவரு பக்கத்துல இருக்கறாருங்க."

"நானும் பக்கத்துலதான் இருக்கறேன்."

பாதித் தலை மழிக்கப்பட்டுப் படுத்திருந்த மகள் கேட்டாள்: "வந்து என்னங்கப்பா பண்ணியிருப்பீங்க?"

"ஒண்ணும் பண்ணியிருக்க மாட்டேன் கண்ணு. வெளிய நின்னிருப்பேன்."

ஊரில் இருப்பவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன். அந்தப் பச்சைச் சுவரில் சாய்ந்து நின்று பயப்படுவது என் உரிமை. அதை என்னிடமிருந்து எடுத்துக்கொள்ள உங்களுக்கு யாரும் அனுமதி தரவில்லை. விமானம் என்னை நாலரை மணி நேரம்தான் தள்ளி வைத்திருக்கிறது. அதை இரண்டு நாளாக்கியது உங்கள் அன்பு. அந்த அன்பு எனக்கு வேண்டாம். இங்கே என்னைப் போலிருக்கும் தகப்பன்மாரே, தாய்மாரே, நீங்களும் வீட்டில் இந்த உரிமையைக் கேட்டு வாங்குங்கள். சண்டை போட்டாவது வாங்குங்கள்.

இன்றும் மனைவி வீடியோவில் வந்தால் அவள் முகத்தைப் பார்ப்பதற்கு முன், பின்னால் இருக்கும் சுவரைத்தான் பார்க்கிறேன்.

போன வாரம், வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றிய நேரம், மகள் அழைத்தாள். "அப்பா, தலை வலிக்குதுங்கப்பா. லேசாத்தான். இப்பத்தான் ஆரம்பிச்சுது. சொல்லச் சொன்னீங்கல்ல?"

பயமாகத்தான் இருந்தது. ஆனாலும், பல மாதங்களில் அவ்வளவு நிம்மதியாக நான் எதையும் கேட்டதில்லை.

"காப்பி குடிச்சுப்போட்டுப் படு கண்ணு. எந்திரிச்சதும் கூப்பிடு" என்றேன்.

போனை வைத்த பிறகுதான் கவனித்தேன். பேச்சினூடே ஒரு கால் தானாகச் செருப்புக்குள் போயிருந்தது. மற்றது குளிர்ந்த தரையில் இருந்தது. அவள் மறுபடி கூப்பிடும்வரை கதவருகே அப்படியே நின்றேன்.