டீச்சர் உடைத்த கிரேயான்

யு.கே.ஜி. டீச்சரை நான் ஒரே நாளில் வில்லி என்று முடிவுகட்டிவிட்டேன். காரணம் இல்லாமல் இல்லை. நைனா எனக்கு இருபத்துநான்கு கலர் கிரேயான் பெட்டி வாங்கித் தந்திருந்தார். அந்தம்மா அதைத் திறந்து, ஒவ்வொன்றாக எடுத்து, டக் டக்கென்று கட்டைவிரல் நகம் அளவுக்கு உடைத்துப் போட்டார். என்னுடையதையும் இன்னும் இரண்டு பேருடையதையும் மட்டும்தான். மற்ற பிள்ளைகளின் கிரேயான்கள் பெட்டிக்குள் முழுசாக, பத்திரமாக இருந்தன.

நைனா சிந்தாதிரிப்பேட்டையில் ஸ்கூட்டர் மெக்கானிக். கோபாலபுரத்தில் இருந்த அந்தச் சின்னப் பள்ளியில் எனக்கு இடம் வாங்க நடையாய் நடந்தவர். தொண்ணூறுகளின் நடுவில் அது எங்கள் தெருவுக்கே பெரிய சங்கதி. ஆனால் மற்ற பிள்ளைகள் பக்கம் பக்கமாக அ, ஆ எழுத, என் நோட்டில் ஒரு மாதமாக மாம்பழமும் பலூனும்தான். "படிக்க அனுப்ச்சா பெயின்ட் அடிக்க வுடறாங்க" என்று நைனா அம்மாவிடம் புலம்பிக்கொண்டே இருப்பார்.

அன்று சாயங்காலம் உடைந்த துண்டுகளைத் தரையில் கொட்டிக் காட்டினேன். நைனாவின் முகம் சுருங்கிவிட்டது.

"பெரிய ஊட்டுப் புள்ளைங்களுக்கு முழுசு, நம்ம புள்ளைக்கு ஒடைசலா? நாளைக்கே டி.சி. வாங்கிடறேன்."

"டீச்சர் சிரிச்சிக்கினே ஒடச்சாங்க நைனா" என்று நானும் என் பங்குக்கு எண்ணெய் ஊற்றினேன். டீச்சர் சிரிக்கவே இல்லை. ஆனால் அவரை யாராவது நாலு வார்த்தை கேட்க வேண்டாமா?

மறுநாள் மணியடிப்பதற்கு முன்பே நைனா வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வகுப்புக்கே வந்துவிட்டார். "இன்னா டீச்சர், எம் பொண்ணுக்கு மட்டும் இன்னாத்துக்கு இப்டி?"

டீச்சர் கோபப்படவில்லை. எங்கள் குட்டி பெஞ்சைக் காட்டி உட்காரச் சொன்னார். நைனா முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்தார். டீச்சர் என் கையில் ஒரு நீளமான கிரேயானைக் கொடுத்தார். நான் அதை உலக்கை மாதிரி முஷ்டியில் பிடித்தேன். அடுத்து ஒரு துண்டைக் கொடுத்தார். முஷ்டிக்குள் அது நிற்கவில்லை. வேறு வழியில்லாமல் மூன்று விரல் தானாகச் சேர்ந்துகொண்டது.

"பென்சில் இப்படித்தானே பிடிக்கணும்? இவளுக்கு இன்னும் விரல்ல பலம் வரலை. கலர் அடிக்க அடிக்க வந்துடும். அப்புறம் எழுத்து தன்னால வரும்" என்றார் டீச்சர்.

நைனா என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஸ்க்ரூ டிரைவரும் அப்டித்தான் டீச்சர். புடி சரியில்லேன்னா ஒரு வேலையும் நடக்காது" என்றார். டி.சி. பேச்சு அத்தோடு போயிற்று.

டீச்சர் எனக்கென்று வைத்திருந்த கிளியின் படத்தை அவர் பக்கம் நகர்த்தி, "நீங்களும் கொஞ்சம் அடிச்சுப் பாருங்களேன்" என்றார். விளையாட்டுக்குச் சொன்னார் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். நைனா பச்சைத் துண்டை எடுத்தார். இறக்கையில் ஆரம்பித்தார். கோட்டைத் தாண்டாமல், அவசரமே இல்லாமல் அடித்துக்கொண்டே போனார். மணியடித்தது. பிள்ளைகள் வந்து சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். எனக்கு மானம் போயிற்று.

"போ நைனா" என்று சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"இரும்மா, வாலு மட்டும் பாக்கி கீது" என்றார் தலை நிமிராமல்.

முடித்ததும் எழுந்து நின்று, "இத்த நான் எடுத்துக்கினு போவட்டா டீச்சர்?" என்று கேட்டார். சண்டைக்கு வந்த மனிதர் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

மூன்றாவதோடு படிப்பை நிறுத்திப் பட்டறைக்கு அனுப்பப்பட்டவர் அவர் என்பதோ, ஒரு படத்தையும் கலரையும் கொடுத்து அடி என்று அதுவரை யாரும் அவரிடம் சொன்னதில்லை என்பதோ அப்போது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், அந்தக் கிளி என்னுடையது என்பதுதான். சாயங்காலம் அழுது புரண்டு திருப்பிக் கேட்டேன். மடிக்காமல் வைத்திருந்த தாளை அவர் ஒருமுறை பார்த்தார், என்னிடம் கொடுத்துவிட்டார்.