வறுத்த ரவையும் ஒரு ரிவால்வரும்

போன சனிக்கிழமை நான் துப்பாக்கி சுட்டேன். நம்புங்கள். இந்தப் பக்கத்தை வாராவாரம் வாசிப்பவர்களுக்குத் தெரியும் — குக்கர் விசில் அடித்தாலே திடுக்கிடுகிற ஆள் நான்.

காரணம் என் மகள். ஒன்பது வயது, ஆக்லாந்திலேயே பிறந்தவள். ஒவ்வொரு நவம்பரும் இங்கே பட்டாசு வெடிக்கும்போது நான் குளியலறையில் ஷவரைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருப்பேன். அவள் அப்பாவோடு வாசலில் நிற்பாள். இந்த வருடம் முன்கூட்டியே கேட்டுவிட்டாள்: "அம்மா, திஸ் டைம் வில் யூ ஸ்டாண்ட் வித் மீ?"

யாழ்ப்பாணத்தில் ஷெல் சத்தத்துக்குள் வளர்ந்ததை ஒன்பது வயதுக்கு எப்படி விளக்குவது? பார்க்கலாம் என்று மழுப்பிவைத்தேன்.

ஆபீஸில் என்னோடு வேலை செய்யும் கிரெக் இதைக் கேட்டுவிட்டுத்தான் தன் பிஸ்டல் கிளப்புக்குக் கூப்பிட்டார். அவரிடம் கருமருந்து போட்டுச் சுடுகிற பழைய மாடல் ரிவால்வர் ஒன்று இருக்கிறது. ரெடிமேட் தோட்டா கிடையாது. சுழலும் சிலிண்டரில் இருக்கும் ஒவ்வொரு அறையையும் நாமே நிரப்ப வேண்டும். ரொம்ப மெதுவான வேலை, உனக்குச் சரிவரும் என்றார். வரும்போது கொஞ்சம் ரவை கொண்டுவரச் சொன்னார். ரவையா? மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே இடத்தை நிரப்பவாம்.

ரவையை எடுத்துவைத்தது என் கணவர். மதுரைக்காரர். கூடவே வந்தார். கிரெக் டப்பாவைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, ஏன் வறுத்திருக்கிறது என்று கேட்டார். பூச்சி பிடிக்காமல் இருக்க என்றேன். டப்பாவை மூடினார். பரவாயில்லை, ரிவால்வர் குறை சொல்லாது என்றார்.

காற்றே இல்லாத காலை. கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு இயர்மஃப். அளந்து கொஞ்சம் மருந்து. அதன்மேல் ஒரு சிட்டிகை ரவை. அதன்மேல் ஈயக் குண்டு. குழலுக்குக் கீழே இருக்கும் கம்பியை அழுத்தினால் குண்டு உள்ளே இறங்குகிறது... ஓரத்தில் மெல்லிய ஈய வளையம் ஒன்று உரிந்து விழுகிறது. மேலே கொஞ்சம் கிரீஸ். சிலிண்டரைத் திருப்பினால் அடுத்த அறை.

காது மூடியிருந்ததால் என் மூச்சு மட்டும் கேட்டது. தூக்கத்தில் வேலை செய்வது போல் இருந்தது. சந்தோஷமாகவும் இருந்தது, பொய் சொல்வானேன்? சின்ன வயதில் கேட்ட வெடியெல்லாம் யாரோ எங்கேயோ இருந்து அனுப்பியது. இதை நான் என் கையால் செய்கிறேன். நான் நினைக்கும்போதுதான் வெடிக்கும்.

கடைசியாக, பொறி கிளப்பும் சின்னச் செப்பு மூடிகளைப் பின்பக்கம் பொருத்தினோம். கிரெக் தலையசைத்தார். சுட்டேன்.

வெள்ளைப் புகை. இலக்கு இல்லை, கிரெக் இல்லை, என் கையே இல்லை. புகை போக மனமில்லாமல் அப்படியே நின்றது. லேசாக உப்புமா வாசனைகூட வந்த மாதிரி இருந்தது. அவ்வளவு அழகு.

பிறகு அமைதி...

சத்தத்தைவிட எனக்கு அதுதான் பயம். ஷெல் விழுந்ததும் பங்கருக்குள் அம்மா எங்கள் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிடுவார். நாங்கள் பதில் சொல்ல வேண்டும். ஒரு நாள் தம்பியின் பெயருக்குப் பதில் வரவில்லை. அம்மா கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

என் கணவருக்கு இது தெரியும். எனக்குப் பின்னாலிருந்து சத்தமாகக் கேட்டார்: "கௌரி... இருக்கியா?"

"ஓம்... இருக்கிறன்."

அழுதேன் — ரிவால்வரை மேசையில் வைத்துவிட்டுத்தான். அப்புறம் மிச்சக் குண்டுகளையும் சுட்டேன். ஒவ்வொரு தடவையும் அவர் கூப்பிட்டார், நான் பதில் சொன்னேன். இலக்கில் ஒரு ஓட்டைகூட விழவில்லை என்பது வேறு விஷயம்.

நவம்பரில் வாசலில் நிற்கப்போகிறேன். ஒவ்வொரு வெடிக்கும் மகளின் பெயரைக் கூப்பிடுவேன். கொஞ்ச நேரத்திலேயே அலுத்துப்போய் "அம்மா, ஸ்டாப் இட்" என்பாள்.

அதுவும் பதில்தானே?