கதவில் வைத்த சந்தனம்

எங்கள் சமையல் சாமான்களிலேயே நீளமானது சாம்பார் கிண்டுகிற இரும்புக் கரண்டிதான். நின்றபடியே அண்டாவின் அடிவரை துழாவ வேண்டும் என்பதால் அதன் காம்பு என் மார்பு உயரம் இருக்கும். பிடிக்கிற நுனியில், ஆணியில் மாட்டுவதற்காக ஒரு கொக்கி வளைத்திருப்பார்கள். எல்லாம் அந்தக் கொக்கியால் வந்தது.

என் வீட்டுக்காரர் திருத்தணியில் கல்யாணச் சமையல் செய்தவர். மலையில் தாலி கட்டிவிட்டுக் கீழே மண்டபத்தில் சாப்பாடு போடுகிற கல்யாணங்கள், முகூர்த்த நாளில் ஒரே தெருவில் நாலு நடக்கும். நான் கூடப் போய்க் காய் நறுக்குவேன், பாத்திரம் கழுவுவேன். பந்தி பக்கம் போகமாட்டேன். ஆள் முன்னால் எனக்குப் பேச வராது. அஞ்சாம் வகுப்போடு நின்றவள். அந்த அஞ்சு வருஷமும் வாத்தியார் பேர் கூப்பிட்டால் வாயைத் திறக்காமல் கையைத்தான் தூக்கியிருக்கிறேன். கல்யாணமாகி வந்த பிறகும் அப்படித்தான். கடையில் சாமான் வாங்கக்கூடச் சீட்டு எழுதி நீட்டுவேன்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வைகாசி முகூர்த்தம். பதினொரு மணிக்கெல்லாம் கடைசிப் பந்தி எழுந்துவிட்டது. சாமான்களைப் பின்கட்டிலிருந்து சந்து வழியாகத் தெருவுக்குக் கொண்டுபோய் மூன்று சக்கர வண்டியில் ஏற்ற வேண்டும். இடுப்பில் ஒரு வாளி, அக்குளில் அந்தக் கரண்டி. வாளியில் வரவேற்பு மேசையில் மீந்த சந்தனக் கிண்ணமும் குங்குமமும் கழுவுவதற்காகக் கிடந்தன.

சந்தில் மண்டபத்துச் சுவர் நிழலில் ஒரு வெள்ளைக் கார் நின்றது. புதுசு. முன்பக்கம் சாமந்தி மாலை, கண்ணாடியில் சந்தனப் பொட்டு, சக்கரத்தில் நசுங்கின எலுமிச்சம்பழத் தோல். மலையில் பூஜை போட்டுவிட்டு இறங்கி வந்து யாரோ டிபன் சாப்பிடப் போயிருக்கிறார்கள். காருக்கும் எதிர்ச்சுவருக்கும் நடுவில் ஒரு ஆள் போகிற வழிதான் இருந்தது. நான் வாளி இடிக்காமல் இருக்க வேண்டுமே என்று வாளியையே பார்த்துக்கொண்டு போனேன். முதுகுக்குப் பின்னால் கரண்டி போவதை யார் பார்த்தார்கள். கர்ரென்று ஒரு சத்தம். வாளிக்குள் கிண்ணம் உரசுகிறது என்று நினைத்து இன்னும் ரெண்டு எட்டு வைத்துவிட்டேன்.

பின்கதவில் தொடங்கி முன்கதவு வரைக்கும் ஒரு கோடு. என் கைக்கு ஒன்றரை முழம். எச்சில் தொட்டுத் தேய்த்தேன். முந்தானையால் துடைத்தேன். உள்ளே இருக்கிற தகரம் தெரிந்தது.

அடுத்ததை நான் யோசித்துச் செய்யவில்லை. வாளியிலிருந்த சந்தனத்தை எடுத்து அந்தக் கோட்டின் மேல் வரிசையாக அப்பினேன். நடுவில் குங்குமம் வைத்தேன். ஏழு பொட்டு. கோலத்துக்குப் புள்ளி வைத்த கை, இடைவெளி தானாகச் சரியாக விழுந்தது. பொட்டுக்கும் பொட்டுக்கும் நடுவில் வழித்துவிட்டதில் கோடு முழுக்க மறைந்துபோனது. பூஜை போட்ட கார்தானே, இன்னும் கொஞ்சம் சந்தனம் இருந்தால் யார் கேட்கப் போகிறார்கள். வண்டியில் வாளியைப் போட்டுவிட்டு மண்டபத்து வாசல் வழியாகச் சமையல்கட்டுக்குப் போய் ஜன்னலோரம் நின்றுகொண்டேன். அந்த ஜன்னலுக்கு நேர் கீழேதான் கார் நின்றது.

கொஞ்ச நேரத்தில் இரண்டு பேர் வந்தார்கள். நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி. கூட அவருடைய அம்மாள். அம்மாள்தான் முதலில் கதவைப் பார்த்தார்.

"நைனா, இங்க பாரு. கதவுக்கும் வெச்சிருக்காங்க."

மலையில் குருக்கள் கதவுக்கு வைக்கவில்லையே என்றார் மகன். கல்யாணத்துக்காரர்கள் யாராவது வைத்திருப்பார்கள் என்றார். அம்மாள் ஒத்துக்கொள்ளவில்லை.

"ஊர் பேர் தெரியாதவன் நம்ம காருக்கு எதுக்குடா வெக்கப் போறான்? மலையிலேர்ந்து பின்னாலயே வந்துகினு இருந்திருக்கான் என் அப்பன்."

செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். ஒவ்வொரு பொட்டாக விரல் நுனியால் தொட்டு, ஏழு தடவை கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஆடிக் கிருத்திகை வரைக்கும் இந்தக் கதவில் தண்ணீர் படக் கூடாது என்று மகனிடம் சொன்னார். மகன் சிரித்தாரே தவிர மறுத்துப் பேசவில்லை.

ஆடிக் கிருத்திகைக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அதுவரை கோடு வெளியே வராது. வந்தாலும் யார் போட்டது என்று தெரியாது. எனக்கு வேண்டியதும் அதுதான். ஆனால் அந்த அம்மாள் கண்ணில் ஒற்றிக்கொண்டது என்னுடைய சாம்பார் கையால் வைத்தது. வீட்டுக்குப் போய் அக்கம்பக்கமெல்லாம் சொல்லுவார். அவர்களும் வந்து தொட்டு ஒற்றிக்கொள்வார்கள்.

கார் கிளம்புகிற சத்தம் கேட்டது. எப்படிப் போனேனோ, சந்து முனையில் காருக்கு முன்னால் நின்றிருந்தேன். பேசாமல் நின்றதால் அவர் ஹாரன் அடித்தார். நான் நகரவில்லை. மறுபடி அடித்தார். பிறகு இறங்கி வந்தார்.

"இன்னாம்மா, வழி விடும்மா."

"அந்தப் பொட்டு நான் வெச்சதுங்க" என்றேன்.

அம்மாள் கண்ணாடி வழியாகத் தலையை நீட்டினார். "நீயா வெச்ச? நல்லா இரும்மா, தாயீ" என்றார்.

கதவருகே போய் முந்தானையால் முதல் பொட்டைத் துடைத்தேன். இரண்டாவதையும் துடைத்தேன். மகன் குனிந்து பார்த்தார். பிறகு அவரே கைக்குட்டையை எடுத்து மிச்சம் ஐந்தையும் துடைத்தார். கோட்டின் மேல் விரலை வைத்துக் கடைசி வரை ஓட்டினார். சாவி வாங்கி முழுசாக ஒரு நாள் ஆகவில்லை என்று மட்டும் அம்மாளிடம் சொன்னார்.

அம்மாள்தான் இறங்கி வந்தார்.

"கோடு போட்டதுக்குக்கூட நான் ஒண்ணும் சொல்லல. அத மறைக்கறதுக்கு சாமிய கூப்ட்டுகினியே."

"சாமிய கூப்புடலீங்க. சந்தனம் கைல இருந்திச்சி."

அது நிஜம்தான். ஆனால் சொன்ன பிறகு என் காதுக்கே எகத்தாளமாகக் கேட்டது. அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

சத்தம் கேட்டு என் வீட்டுக்காரர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். கண்ணை எங்கே வைத்துக்கொண்டு நடந்தாய் என்று அங்கேயே என்னைத் திட்டினார். அந்தத் திட்டு எனக்கில்லை, அவர்களுக்கு. அவர்கள் திட்டுவதற்கு மிச்சம் இல்லாமல் இவரே திட்டிவிடுவார், அது அவர் வழக்கம். பிறகு எவ்வளவு ஆகும் என்று கேட்டார். பெயின்டரைக் கேட்டால்தான் தெரியும், ஆர்.கே.பேட்டையில் தறி போட்டிருக்கிறேன், தபால் கார்டு எழுதுகிறேன் என்றார் அந்த மனிதர். எங்கள் விலாசத்தை ஒரு கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கத்தில் எழுதி வாங்கிக்கொண்டு போனார்.

கார்டு வராது என்றார் என் வீட்டுக்காரர். தறி ஓட்டுகிறவருக்கு இது ஒரு காசா என்றார். பத்தாம் நாள் வந்தது. நானே படித்தேன். நானூறு ரூபாய் ஆயிற்று, முடிந்தபோது கொடுக்கவும் என்று இரண்டே வரி.

அப்போது வீட்டில் சும்மா இருந்த பணம் ஒன்றுதான். முந்தின வருஷம் கொதிக்கிற எண்ணெய் கொட்டி என் வீட்டுக்காரருக்கு வலது கால் வெந்துபோயிருந்தது. கால் தேறினால் வெள்ளியில் ஒரு கால் வாங்கி மலையில் உண்டியலில் போடுகிறேன் என்று வேண்டிக்கொண்டு, கூலியில் கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சள் துணியில் முடிந்துவைத்திருந்தேன். அதைத்தான் அவிழ்த்தேன்.

"என் கால எடுத்துகினு போயி கார் கதவுல வெக்கப் போறியா?" என்றார் அவர்.

கிருத்திகைக்குள் திரும்பச் சேர்த்துவிடுவேன், மனசுக்குள் சாமியிடம் சொல்லிவிட்டேன் என்றேன். சாமி ஆங் என்று சொல்லிச்சா என்று கேட்டார். அவரே போய்க் கொடுத்துவிட்டு வந்தால் நன்றாயிருக்கும் என்று நான் சொல்லவில்லை, ஆனால் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தேன். அவருக்குப் புரிந்தது. "கரண்டிய நான் தூக்கினு போகல" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

ஆர்.கே.பேட்டைக்கு டவுன் பஸ்ஸில் தனியாகப் போனது அதுதான் முதல் தடவை. இறங்கி, விலாசம் எழுதின கார்டையே காட்டி வழி கேட்டேன். வீட்டை ஒட்டினாற்போலத் தறிக்கொட்டகை. எட்டோ பத்தோ தறி ஓடிக்கொண்டிருந்தன. தெருவிலேயே காதைப் பொத்திக்கொள்ள வேண்டும். வாசலில் அந்த அம்மாள் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அடையாளம் தெரிந்தது, அவருக்குத் தெரியவில்லை.

சொன்னேன். கேட்கவில்லை என்று கையை ஆட்டினார். கிட்டப் போய்ச் சொன்னேன். காதை மடக்கிக் காட்டினார். இன்னும் கொஞ்சம் உரக்கச் சொன்னேன். நூல் கேட்டு வந்திருக்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, கொட்டகைப் பக்கம் கையைக் காட்டினார். இருக்கிற மூச்சையெல்லாம் சேர்த்துக்கொண்டு, "உங்க கார்ல கோடு போட்டது நான்தாங்க" என்று கத்தினேன். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. தறியெல்லாம் ஒரே அடியாக நின்றன. தெரு முழுக்க என் குரல்தான் இருந்தது. கொட்டகைக்குள்ளிருந்து நாலைந்து பேர் எட்டிப் பார்த்தார்கள். எதிர்வீட்டில் ஒரு பெண் குடத்தைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள்.

"அதுக்கு இன்னாத்துக்கும்மா ஊரக் கூட்டற?" என்றார் அம்மாள். அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது.

ரூபாயை நீட்டினேன். வாங்கி மடியில் வைத்துக்கொள்ளப் போனவர், ஒரு நோட்டைப் பிரித்து மூக்கருகே கொண்டுபோனார். ஓரமெல்லாம் மஞ்சள் ஏறியிருந்தது. துணியில் முடிந்த சுருக்கமும் போகவில்லை.

"இது முடிஞ்சு வெச்ச காசாச்சே."

ஆமாம் என்றேன். எதற்கு முடிந்தது என்று கேட்டார். கால் என்றேன். நெருப்பைத் தொட்டது போல நோட்டையெல்லாம் என் கையில் திணித்துவிட்டார்.

"அன்னிக்கு சாமி பேர்ல பொட்டு. இன்னிக்கு சாமி காசு. எல்லாத்துக்கும் அவன் ஒருத்தன்தான் கெடச்சானா உனக்கு?"

மகன் கொட்டகையிலிருந்து வந்தார். பணம் பணம்தான், வாங்கிக்கொள்ளலாம் என்றார். இந்தக் காசு வாசப்படி தாண்டினால் நான் தாண்டிப் போய்விடுவேன் என்றார் அம்மாள். மகன் என்னைப் பார்த்துக் கையை விரித்தார். வேறு பணம் கிடைக்கும்போது கொடுங்கள், அவசரமில்லை என்றார். ஒரு லோட்டா மோர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு அதே நானூறு ரூபாயோடு பஸ் ஏறினேன். கடனும் தீரவில்லை, கத்தினதுதான் மிச்சம். நடந்ததைக் கேட்டு என் வீட்டுக்காரர் அன்று சாப்பிடும்போது இரண்டு தடவை புரையேறிச் சிரித்தார். "என் காலு நடந்து போயி நடந்தே வந்திடுச்சி" என்றார்.

வேண்டிக்கொண்டபடி வெள்ளியில் கால் வாங்கிக் கிருத்திகைக்கு முன்பே போட்டுவிட்டோம். காருக்கான பணம் சேர ஐப்பசி ஆனது. ஒரு காதுகுத்து, இரண்டு கல்யாணம். இந்தத் தடவை சம்பளமாக வந்த நோட்டுகளை அப்படியே காகித உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போனேன்.

தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. நான் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. என்னைப் பார்த்ததும் அம்மாள் கையை நீட்டினார். நோட்டுகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, முகர்ந்தும் பார்த்துவிட்டு, இடுப்பில் செருகிக்கொண்டார். பக்கத்தில் உட்காரச் சொன்னார். கார் கொட்டகை ஓரம் நின்றது. கோடு இருந்த இடத்தில் அடித்த புதுப் பெயின்ட், மற்றதைவிட ஒரு சொட்டு வெளுப்பாக இருந்தது. தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும்.

நான் எழுந்திருக்கும்போது அம்மாள் என் காதருகே வந்து சத்தமாகக் கேட்டார்.

"ஏம்மா, அன்னிக்கு நீயா வந்து சொல்லாங்காட்டி எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது. இன்னாத்துக்கு வந்து சொன்ன?"

"நீங்க கண்ணுல ஒத்திக்கினீங்களே" என்றேன்.

என் குரலில்தான் சொன்னேன். தறிச் சத்தத்தில் அது அவருக்குக் கேட்கவில்லை. காதை மடக்கி, இன்னா என்றார். நான் தலையை ஆட்டிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.