மூக்கரசியின் மூன்றாவது கிண்ணம்

எங்கள் தொழிற்சாலையில் முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பெயர் மூக்கரசி. நேரில் எல்லோருக்கும் அக்கா. மீன் எண்ணெயை டிரம் டிரம்மாக வாங்கி, மாத்திரைகளாக்கி, பாட்டிலில் அடைத்து அனுப்புகிற இடம் இது. வந்த டிரம் தேறுமா தேறாதா என்று முகர்ந்து பார்த்துச் சொல்வது அக்காவின் வேலை. அதே அறையில் அதே எண்ணெயைக் கண்ணாடிக் குழாயும் ரசாயனமுமாகச் சோதிக்கிறவன் நான். எனக்குப் பதினோரு வருட சர்வீஸ், அவருக்கு ஐந்து.

நான் வேதியியலில் முதுகலை. அவர் பத்தாவது படித்துவிட்டு சென்ட் கடையில் இருபது வருடம் நின்றவர். கிண்ணத்தை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்சம் சூடேற்றுவார், கண்ணை மூடுவார், “பழைய பெயின்ட் வாடை, வேணாம்” என்பார். டிரம் வந்த வண்டியிலேயே திரும்பிப் போகும். நான் அரை மணி நேரம் சொட்டுச் சொட்டாக விட்டு பெராக்சைடு எண்ணைக் கண்டுபிடித்துக் கொண்டுபோனால், “அதான் அக்கா அப்பவே சொல்லிட்டாங்களே” என்பார் மேலாளர். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

என் சோதனையில் ஒரு ஓட்டை இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். எண்ணெய் கெட ஆரம்பித்தால் அந்த எண் ஏறும். நன்றாகக் கெட்டுத் தீர்ந்த பிறகு இறங்கிவிடும். கிழட்டு எண்ணெய் இளசு போல வேஷம் போடும். அதைப் பிடிக்கிற இன்னொரு சோதனைக்கு வெளி ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும், முடிவு வர நான்கு நாள் ஆகும். அதற்குள் டிரம் மாத்திரையாகி பாட்டிலில் ஏறியிருக்கும். அதனால்தான் மூக்குக்கு அவ்வளவு மரியாதை.

தெருவில் யாராவது மீன் எண்ணெய் மாத்திரை வாங்கினால் நியாயப்படி என்னைத்தான் கேட்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். நானும் மூச்சு விடாமல் சொன்னேன். முன்பக்கம் கொட்டை எழுத்தில் ஆயிரம் மில்லிகிராம் என்றிருப்பது மொத்த எண்ணெய், அதைப் பார்த்து மயங்காதீர்கள். பின்பக்கம் பொடி எழுத்தில் இ.பி.ஏ., டி.எச்.ஏ. என்ற ஒமேகா-3 கொழுப்பு எவ்வளவு என்று பாருங்கள், அதுதான் சரக்கு. ஃப்ரீசரில் வைத்து, கலங்கினால் போலி என்பது வெட்டிப் பேச்சு. ஒரு மாத்திரையைக் கத்தரித்து முகருங்கள். லேசான மீன் வாசனை இருக்கலாம், கெட்டுப்போன காறல் வாடை இருக்கக் கூடாது. எலுமிச்சை மணம் தூக்கலாக வந்தால், எதை மறைக்கிறார்கள் என்று யோசியுங்கள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அவர் சொன்னார்: “உங்க கம்பெனில ஒரு அம்மா மோந்து பார்த்தே சொல்லிடுவாங்களாமே, அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுச் சொல்றீங்களா?”

அன்று நான் சாப்பிடவில்லை. “உங்க வயித்தெரிச்சலுக்கு எந்த எண்ணெயும் கேக்காது” என்றாள் என் மனைவி.

ஓரிரண்டு வருடமாக அக்காவிடம் ஒரு பழக்கம். தான் முகர்வதற்கு முன்னால் கிண்ணத்தை என்னிடம் நீட்டி, “தம்பி, நீங்க முதல்ல” என்பார். நான் முகர்ந்துவிட்டு வாயைத் திறக்காமல் திருப்பிக் கொடுப்பேன். ஓசியில் எதற்குச் சொல்ல வேண்டும்? நான் மனதில் நினைத்ததே அவர் வாயில் வரும், பாராட்டும் அவருக்கே போகும்.

போன மாதம் தரப் பிரிவின் தலைவர் ஓய்வு பெற்றார். இலவு காத்த கிளியாக நான் காத்திருந்த நாற்காலி அது. அதையும் அக்காவுக்கே கொடுக்கப் போவதாகப் பேச்சு அடிபட்டது. மொத்தமாக வாங்குகிறவர்கள் இரண்டு பேர் வரும் நாளில், அவர்கள் முன்னால் அக்கா மூன்று டிரம்களை முகர்ந்து காட்டுவார், அன்றே அறிவிப்பு என்றார்கள்.

பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி, அன்று அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தார். சரியான ஜலதோஷம். முதல் இரண்டு கிண்ணமும் நல்ல எண்ணெய்தான், சரியாகச் சொல்லிவிட்டார். மூன்றாவதையும் என்னிடம் நீட்டினார். குமட்டியது. என் எண் இரண்டு என்று நல்லதாகவே வந்திருந்தது, எண்ணெயோ முழுக் காறல். இன்றைக்கு இவர் மாட்டட்டும் என்று, அவர் உஷாராகிவிடாதபடி, அப்போது கறந்த பாலைக் குடித்தவன் போல முகத்தை மலர வைத்தேன். அக்கா முகர்ந்தார். “பிரமாதம் சார், எடுத்துக்கலாம்” என்றார். கைதட்டினார்கள். தலைமைப் பொறுப்பையும் அங்கேயே அறிவித்துவிட்டார் மேலாளர்.

கிண்ணம் கழுவுகிற இடத்தில் அவர் தனியாக நின்றார்.

“மூணாவது கெட்டுப்போனது, அக்கா.” சிரிப்பை என்னால் அடக்க முடியவில்லை.

அவர் குழாயை மூடினார். “எனக்கு ரெண்டு வருஷமா வாசனையே தெரியாது தம்பி. அப்ப வந்த ஒரு காய்ச்சலோட போச்சு. அடுப்புல பால் தீஞ்சாக்கூட என் பொண்ணு வந்துதான் சொல்லணும். வீட்ல என் சம்பளம் ஒண்ணுதான், அதான் வெளிய சொல்லலை.”

“அப்புறம் எப்படி இத்தனை நாளா...?”

“கெட்டதுன்னா உங்களுக்கு மூக்கோரம் சுருங்கும். நல்லதுன்னா நெத்தி தளர்ந்துடும். வாயைத்தான் திறக்க மாட்டீங்க. உங்க மூஞ்சி பொய் சொல்லும்னு நான் நினைக்கவே இல்ல.”

இரண்டு வருடமாக என் மூக்குக்குக் கிடைத்த பேரைப் பார்த்து நானே பொருமியிருக்கிறேன். ஆத்திரம் பொங்கியது. எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடலாம் என்று மேலாளர் அறைக்கு ஓடினேன். பாதிப் படியில்தான் உறைத்தது: கெட்டது என்று தெரிந்தே சிரித்ததையும் சொல்ல வேண்டிவரும். அதனால், “மூணாவது டிரம் வேணாம் சார், காறல்” என்று மட்டும் சொன்னேன்.

“அக்கா பிரமாதம்னாங்க. உங்க நம்பரும் ரெண்டுதானே?”

“நம்பர் சில சமயம் ஏமாத்தும் சார்.”

“நம்பர் ஏமாத்துதா, இல்ல நாற்காலி போச்சேன்னு இருக்கா?”

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. அதற்குள் அக்காவும் வந்து கதவருகே நின்றார். “நீங்களே இன்னொரு தடவை பாருங்கக்கா” என்று மேஜை மேலிருந்த மூன்றாவது டிரம்மின் சாம்பிள் பாட்டிலைத் தள்ளினார் மேலாளர். அக்கா கிண்ணத்தில் ஊற்றினார். என்னிடம் நீட்டினார்.

“தம்பி, நீங்க முதல்ல.”

மறுபடி சிரித்தால் போதும். நான்கு நாளில் வெளி ஆய்வக முடிவு வரும், அக்கா வீட்டுக்குப் போவார், நாற்காலி எனக்கு. எண்ணெய் யார் யார் வயிற்றிலோ போகும். அந்த நாற்காலி எனக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்று எனக்குத்தான் தெரியும். கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோனேன். முகம் சுளித்தேன், நன்றாகவே சுளித்தேன்.

அக்கா வாங்கி முகர்ந்தார். “காறல்தான் சார். காலையில ஜலதோஷத்துல தப்பா சொல்லிட்டேன். நிறுத்திடுங்க.”

மேலாளர் எழுந்தே நின்றுவிட்டார். “டெஸ்ட் நம்பரையே தாண்டிப் பிடிச்சுட்டாங்க, தப்பையும் தானே ஒத்துக்கிட்டாங்க. இந்த மூக்கும் இந்தக் குணமும் யாருக்கு வரும்?” என்று என் பக்கம் திரும்பினார். “அவங்ககிட்ட கத்துக்கங்க.”

“கத்துக்கறேன் சார்” என்றேன்.